புதிதாக அசெம்பிள் செய்த கணினி: ப்ராசஸர் இரண்டே நொடியில் 100 டிகிரி

புதுப்பெட்டி | சனி, இரவு 9:40

வணக்கம். முதன்முறையாக நானே பாகங்களைச் சேர்த்து ஒரு கணினி அசெம்பிள் செய்திருக்கிறேன். வீடியோ எடிட்டிங்தான் முக்கிய வேலை. ப்ராசஸர் இன்டெல் கோர் ஐ7-13700கே, மதர்போர்டு இசட்690, ராம் 32 ஜிபி. கூலர் மட்டும் பழையது: ஒற்றைக் கோபுரம், நான்கு ஹீட்பைப் (சூட்டை மேலே கடத்தும் குழாய்), ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன். பத்தாம் தலைமுறை ஐ5 மேல் நான்கு வருடம் உட்கார்ந்திருந்தது. அதில் 70 டிகிரியைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை.

இப்போது நிலைமை இது. சும்மா டெஸ்க்டாப்பில் இருக்கும்போதே 45 முதல் 50 டிகிரி. ப்ராசஸரின் வேகத்தைச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளை ஓடவிட்டால் இரண்டே நொடியில் 100. அப்புறம் அங்கேயே நிற்கிறது. மதிப்பெண் 19,400தான் வருகிறது. இதே ப்ராசஸருக்கு மற்றவர்கள் 30,000 பக்கம் காட்டுகிறார்கள்.

ப்ராசஸருக்கும் கூலருக்கும் இடையில் பூசும் தெர்மல் பேஸ்டை இரண்டு முறை மாற்றிப் பூசிவிட்டேன். பழைய கூலர் என்பதால் அடியில் பிளாஸ்டிக் உறை எதுவும் இல்லை, அதையும் பார்த்துவிட்டேன். ஃபேன் நன்றாகவே சுற்றுகிறது. ப்ராசஸரே பழுதாக வந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. திருப்பி அனுப்பலாமா?

காற்றோட்டம் | சனி, இரவு 10:05

அதற்குள் திருப்பி அனுப்ப வேண்டாம். முதலில் கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே சோதனையை ஓட்டுங்கள். பத்து டிகிரி குறைந்தால் உள்ளே காற்று வந்து போகவில்லை என்று அர்த்தம். ஃபேன் எந்தப் பக்கம் காற்றைத் தள்ளுகிறது என்றும் பாருங்கள். சட்டத்தின் ஓரத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். இல்லையென்றால் மோட்டாரைப் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பிகள் இருக்கிற பக்கமாகத்தான் காற்று வெளியே வரும். கூலர் ஃபேன் முன்புறத்திலிருந்து காற்றை எடுத்துப் பின்புற ஃபேனை நோக்கித் தள்ள வேண்டும்.

இரவுவேலை | சனி, இரவு 10:20

13700கே சூடான ப்ராசஸர்தான். சினிபெஞ்சில் 100 வருவது சாதாரணம். இன்டெலே 100 டிகிரியைத்தான் உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. அதைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கெட்டுப்போகாது. கவலைப்படாமல் பயன்படுத்துங்கள்.

சாலிடர் | சனி, இரவு 11:10

100 டிகிரி தானாகக் காத்துக்கொள்ளும் வரம்பு என்பது சரி. ஆனால் "கவலைப்படாமல் பயன்படுத்துங்கள்" என்று இப்போதே சொல்ல முடியாது. மதிப்பெண் 19,400 என்பது இடிக்கிறது.

புதுப்பெட்டி, ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது: 100 டிகிரி வரும்போது ப்ராசஸர் எத்தனை வாட் எடுக்கிறது? கணினியின் அளவீடுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் "சிபியு பேக்கேஜ் பவர்" என்று ஒரு வரி இருக்கும். சோதனை ஓட ஆரம்பித்து ஒரு நிமிடம் கழித்து அந்த எண்ணைப் பார்த்து எழுதுங்கள். அறையின் வெப்பநிலையையும் தோராயமாகச் சொல்லுங்கள்.

டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. 240 வாட்டில் 100 டிகிரி என்றால் கூலர் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறது, சுமைதான் அதற்கு அதிகம். 90 வாட்டில் 100 டிகிரி என்றால் கூலருக்குச் சூடே போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் திரையில் தெரிகிற எண் ஒன்றுதான், வைத்தியம் வேறு வேறு.

புதுப்பெட்டி | ஞாயிறு, காலை 7:30

அம்புக்குறி பார்த்தேன், எல்லா ஃபேனும் சரியான திசையில்தான் இருக்கின்றன. பக்கக் கதவைக் கழற்றியும் ஓட்டினேன். அப்போதும் 100தான், மதிப்பெண்ணில் 150 கூடியது, அவ்வளவே.

வாட் பார்த்தேன். முதல் நொடியில் 200க்கு மேல் எகிறி, உடனே சரிந்து 94, 95 என்று நிற்கிறது. அறை 30 டிகிரி இருக்கும்.

சாலிடர் | ஞாயிறு, காலை 8:15

95 வாட்! கேபினெட் காற்று உங்கள் பிரச்சினை இல்லை. ப்ராசஸரும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். அறை 30, ப்ராசஸர் 100, இடையில் 70 டிகிரி வித்தியாசம். 70ஐ 95ஆல் வகுத்தால் ஒவ்வொரு வாட்டுக்கும் சுமார் 0.74 டிகிரி ஏறுகிறது. இந்த மாதிரி ஒற்றைக் கோபுரக் கூலர் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் இதில் பாதிதான் வரவேண்டும். டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது 45 வருகிறதே, அதுவும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. 20 வாட்டுக்கு 15 டிகிரி ஏற்றம்.

சூடு ஏறும் வேகமும் இதையேதான் சொல்கிறது. கேபினெட்டுக்குள் சூடான காற்று தேங்கினால் வெப்பநிலை ஐந்து, பத்து நிமிடம் எடுத்து மெதுவாக ஏறும். இரண்டு நொடியில் 100 என்றால், சூடு ப்ராசஸரின் மூடியைத் தாண்டுவதற்கே திணறுகிறது.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். சினிபெஞ்சை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஃபேன் இறக்கையில் விரல் பட்டுவிடாமல் கவனமாக, ஹீட்பைப் கூலரின் அடிப்பாகத்திலிருந்து வளைந்து மேலே ஏறும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுடுகிறதா, வெதுவெதுப்பாக இருக்கிறதா?

புதுப்பெட்டி | ஞாயிறு, காலை 8:50

தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புகூட இல்லை என்றே சொல்லலாம். மேலே உள்ள தகடுகள் சில்லென்று இருக்கின்றன. திரையில் 100, விரலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. உண்மையிலேயே திகைத்துப்போய்விட்டேன்.

பனிமூட்டம் | ஞாயிறு, காலை 9:30

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் கிட்டத்தட்ட இதே கவலை. என்னுடையது ரைசன் 7 7700எக்ஸ், இரட்டைக் கோபுரக் கூலர், எல்லாம் புதிது. சினிபெஞ்சில் 95 டிகிரி தொட்டு அங்கேயே நிற்கிறது. வாட் பார்த்தேன், 135 பக்கம் காட்டுகிறது. நானும் கூலரைக் கழற்ற வேண்டுமா?

சாலிடர் | ஞாயிறு, காலை 10:00

வேண்டாம். உங்களுடையது வேறு கதை. 2022இல் ரைசன் 7000 வரிசை வந்தபோதே, முழுச் சுமையில் 95 டிகிரியில் ஓடுவது வடிவமைப்பிலேயே உள்ளது என்று ஏஎம்டி சொல்லிவிட்டது. 95ஐத் தொடும்வரை அல்லது மின்சார வரம்பைத் தொடும்வரை அது வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். 7700எக்ஸுக்கு அந்த வரம்பு 142 வாட். நீங்கள் அதை நெருங்கிவிட்டீர்கள், அதாவது கூலர் வேலை செய்கிறது. சிப் அளவில் சின்னது, அதன் மேலுள்ள மூடி தடிமனானது. முந்தைய ஏஎம்டி சாக்கெட்டான (ப்ராசஸர் உட்காரும் இடம்) ஏஎம்4இன் கூலர்களும் பொருந்த வேண்டும் என்பதற்காக உயரத்தை மாற்றாமல் வைத்தார்கள். அதனால் எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

சத்தமும் சூடும் தொந்தரவாக இருந்தால் பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரை) எகோ மோட் 65 வாட் தேர்வு செய்யுங்கள். பெயரில் 65 இருந்தாலும் வரம்பு 88 வாட்டுக்கு இறங்கும். வெப்பநிலை சட்டென்று குறையும், வேகத்தில் இழப்பது குறைவு. கேம் விளையாடும்போது வித்தியாசமே தெரியாது.

புதுப்பெட்டி, நீங்கள் கூலரைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் இந்த முறை துடைக்க அவசரப்படாதீர்கள், துடைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இருக்கிறது. பத்து நிமிடம் கணினியை ஓட்டி பேஸ்ட் இளகியதும் அணைத்து, மின்சார வயரைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கூலரை நேராக மேலே இழுக்காமல், இடம் வலமாக மெதுவாகத் திருகி எடுங்கள். எடுத்ததும் இரண்டு பக்கத்திலும் பேஸ்ட் எப்படிப் பதிந்திருக்கிறது என்று பார்த்து அப்படியே எழுதுங்கள். பேஸ்டின் தடத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

(பழைய ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு: ஏஎம்4 சாக்கெட்டில் இந்தத் திருகல் இன்னும் முக்கியம். அதில் ஊசிகள் ப்ராசஸரின் அடியில் இருக்கும். நேராக இழுத்தால் பூட்டு போட்டிருக்கும்போதே ப்ராசஸர் கூலரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஊசி வளைந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு.)

புதுப்பெட்டி | ஞாயிறு, மதியம் 12:20

கழற்றிவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி திருகத் தேவையே இருக்கவில்லை, ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் கையோடு வந்துவிட்டது. ஒட்டிக்கொண்டிருக்கவே இல்லை.

பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். ப்ராசஸரின் மேல் நான் வைத்த பேஸ்ட் நடுவில் மேடாகவே இருக்கிறது. ஒரு நாணயம் அளவுக்குத்தான் பரவியிருக்கிறது. ஓரங்களில் உலோகம் பளபளவென்று சுத்தமாக இருக்கிறது, பேஸ்ட் அங்கே போகவே இல்லை. கூலரின் அடியிலும் நடுவில் மட்டும் ஒரு வட்டம், தடிமனாக. வட்டத்தின் விளிம்பில் பேஸ்ட் சின்னச் சின்ன முனைகளாக எழும்பி நிற்கிறது, ஈரச் சுவரிலிருந்து கையை எடுத்தால் நிற்குமே, அதுபோல.

நான்கு ஸ்க்ரூவையும் இதற்கு மேல் திருகவே முடியாது என்கிற அளவுக்கு இறுக்கியிருந்தேன். அதுதான் எனக்குப் புரியவில்லை.

நெம்புகோல் | ஞாயிறு, மதியம் 1:00

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். "இதற்கு மேல் திருகவே முடியாது" என்ற வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கூலரைப் போர்டில் பிடித்து வைக்க, பத்தாம் தலைமுறையில் பயன்படுத்திய அதே பிராக்கெட், அதற்கு அடியில் நிற்கும் அதே தாங்கிக் குமிழ்களைத்தான் இப்போதும் போட்டிருக்கிறீர்களா?

அந்தப் பழைய ஐ5 எல்ஜிஏ1200 சாக்கெட். உங்கள் புதிய ப்ராசஸர் எல்ஜிஏ1700. பழைய சாக்கெட்டில் கூலர் ஓட்டைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர், புதியதில் 78. சாதாரணமாகப் பழைய பிராக்கெட் புதிய போர்டில் பொருந்தவே பொருந்தாது, தவறு அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் சில இசட்690 போர்டுகளில் பழைய கூலர்களுக்காக 75 மில்லிமீட்டர் ஓட்டைகளையும் சேர்த்தே போட்டிருப்பார்கள். ஸ்க்ரூ ஒழுங்காக உள்ளே போய்விடும். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும்.

உயரத்தில்தான் விஷயம் இருக்கிறது. எல்ஜிஏ1700இல் ப்ராசஸரின் மேற்பரப்பு பழையதைவிட முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்வாக இருக்கிறது. பழைய குமிழ்கள் பழைய உயரத்துக்கு வெட்டியவை. ஸ்க்ரூ குமிழில் முட்டி நின்றுவிடும், உங்களுக்கு முழுதாக இறுகிவிட்டது என்று தோன்றும், ஆனால் கூலர் ப்ராசஸரை அழுத்தாமல் அந்தரத்தில் நிற்கும். இடைவெளியைப் பேஸ்ட் மட்டும் நிரப்பிக்கொண்டிருக்கும். தாமிரத்தின் வெப்பக் கடத்துதிறன் 400 பக்கம் என்றால் நல்ல பேஸ்ட்கூட பத்துப் பதினைந்துக்குள்தான். மெல்லிய படலமாக இருந்தால் அது போதும். மேடாக நின்றால் அதுவே கம்பளி மாதிரி ஆகிவிடும்.

இரண்டு முறை பேஸ்ட் மாற்றியும் ஒன்றும் மாறாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு ஸ்கேல் எடுத்து, ஸ்க்ரூ ஏறிய ஓட்டைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து பாருங்கள்.

புதுப்பெட்டி | ஞாயிறு, மதியம் 1:25

75. இரண்டு முறை அளந்துவிட்டேன், 75தான். அதே ஓட்டைக்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் வெளியே தள்ளி இன்னொரு ஓட்டை காலியாக இருக்கிறது. அசெம்பிள் செய்யும்போது அதைப் பார்த்தேன், எதற்கென்று யோசிக்கவில்லை. பழைய பிராக்கெட் அழகாகப் பொருந்தியதும் சந்தோஷமாக இறுக்கிவிட்டேன்.

கூலர் நிறுவனத்தின் தளத்தில் தேடினேன். இதே மாடலுக்கு 1700 பிராக்கெட் தனியாகக் கிடைக்கிறது, ஆர்டர் செய்துவிட்டேன். வர சில நாள் ஆகும். அதுவரை கணினியைத் தொடாமல் வைக்க வேண்டுமா? இடையில் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

இரவுவேலை | ஞாயிறு, மதியம் 1:50

நான் முதலில் சொன்னது தவறு. வாட்டைக் கேட்காமல் சாதாரணம் என்று சொல்லியிருக்கக் கூடாது. நீங்கள் என் பேச்சைக் கேட்டு அப்படியே விட்டிருந்தால் வாங்கிய ப்ராசஸரில் மூன்றில் ஒரு பங்கு வேகம் வீணாகியிருக்கும். மன்னியுங்கள்.

சாலிடர் | ஞாயிறு, மதியம் 2:10

நெம்புகோல் பிடித்துவிட்டார். எனக்கு அந்த இரட்டை ஓட்டை விஷயம் தோன்றவே இல்லை. கூலர் சாய்வாக உட்கார்ந்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதுவரை ஓட்டலாம். பயாஸில் பிஎல்1 (நீண்ட நேர வாட் வரம்பு), பிஎல்2 (குறுகிய நேர வாட் வரம்பு) இரண்டையும் 65 வாட்டில் வைத்துவிடுங்கள். பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் தாராளமாகவே பூசிக் கூலரைத் திரும்ப வையுங்கள். 80க்குள் நிற்கும், வேலை முடியும். கூலர் இல்லாமல் மட்டும் ஒரு நொடிகூட ஆன் செய்ய வேண்டாம்.

துடைக்க ஐசோப்ரோபைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி போதும். சாக்கெட் ஓரத்தில் வழிந்த பேஸ்டை ஊசி கொண்டு சுரண்டாதீர்கள்.

புதுப்பெட்டி | வெள்ளி, இரவு 10:30

பிராக்கெட் வந்துவிட்டது! பழைய குமிழையும் புதிய குமிழையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். கண்ணுக்கே தெரிகிறது, புதியது ஒரு நகத்தின் தடிமன் அளவுக்குக் குட்டை. இத்தனை நாள் படுத்திய பாட்டுக்கு இவ்வளவுதான் காரணமா என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

78 ஓட்டையில் மாட்டினேன். மூலைக்கு மூலை இரண்டிரண்டு சுற்றாக இறுக்கினேன். இந்த முறை ஸ்க்ரூவின் சுருள் கம்பி அமுங்குவது கையில் தெரிந்தது. முன்பு அந்த எதிர்ப்பே இருந்ததில்லை. எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாததால் இல்லை என்பதும் எனக்குத் தெரியவில்லை. ஒரு முறை மாட்டிக் கழற்றித் தடத்தையும் பார்த்துவிட்டேன்: மூலை வரைக்கும் மெல்லிய சாம்பல் படலம். துடைத்து, புதிதாகப் பூசி, மாட்டினேன்.

சும்மா இருக்கும்போது 36. பிஎல்1, பிஎல்2 இரண்டையும் 125 வாட்டில் வைத்துச் சினிபெஞ்ச் பத்து நிமிடம்: 74 டிகிரி. ஹீட்பைப்பைத் தொட்டேன், விரலை வைத்திருக்க முடியவில்லை. சாலிடர், உங்கள் கணக்குப்படி போட்டுப் பார்த்தேன், வாட்டுக்கு 0.35 வருகிறது. பாதி என்று சொன்னீர்களே, அப்படியே வந்திருக்கிறது!

அப்புறம் பயாஸைப் போர்டின் இயல்பு நிலைக்கே மாற்றி ஓட்டினேன். மறுபடியும் 100. ஆனால் இப்போது 197 வாட், மதிப்பெண் 28,100. இது கூலரின் எல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

சாலிடர் | வெள்ளி, இரவு 11:00

ஆமாம், இதுதான் அந்தக் கூலரின் எல்லை. 30 டிகிரி அறையில் 0.35 என்றால் 200 வாட்டில் 100ஐத் தொடத்தான் செய்யும். கூலர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது போர்டின் பக்கம் வாருங்கள். 13700கேக்கு இன்டெல் கொடுக்கும் வரம்பு பிஎல்1 125 வாட், பிஎல்2 253 வாட். பல போர்டுகள் இயல்பு நிலையிலேயே இதை மதிப்பதில்லை. பயாஸில் பாருங்கள், 4095 வாட் என்று இருக்கலாம். அதாவது வரம்பே இல்லை. வரம்பைத் தாண்டி ஓடவிடும் மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் என்று ஒன்று இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

உங்கள் கூலருக்குப் பிஎல்2 180, பிஎல்1 150 வைத்துப் பாருங்கள். கடைசி 50, 70 வாட்டுக்குக் கிடைக்கும் வேகம் மிகக் குறைவு. உச்ச வேகத்துக்கு மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருப்பதால் வாட் தாறுமாறாக ஏறும், மதிப்பெண் சொற்பமாகத்தான் கூடும்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போட வேண்டாம்: பயாஸ் எந்தப் பதிப்பு? 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் அதிக மின்னழுத்தம் கேட்டுக் காலப்போக்கில் நிலைகுலையும் சிக்கல் இருந்தது. இன்டெல் அதற்கு 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோடுகளை (பயாஸ் வழியாக வரும் ப்ராசஸர் திருத்தங்கள்) வெளியிட்டது. பெட்டியில் நெடுநாள் இருந்த போர்டு என்றால் பழைய பயாஸோடுதான் வந்திருக்கும். 12பி அல்லது அதற்குப் பிந்தைய மைக்ரோகோடு உள்ள பதிப்புக்கு மாறிவிடுங்கள். நடந்த சேதத்தை இது திருப்பாது, புதிய ப்ராசஸருக்குச் சேதம் வராமல் காக்கும்.

பனிமூட்டம் | சனி, காலை 8:10

நான் எகோ மோட் போட்டுவிட்டேன். சினிபெஞ்சில் 71 டிகிரி, ஃபேன் சத்தமே இல்லை. நன்றி. ஒரு சந்தேகம்: இணையப் பக்கம் திறந்தாலே ஒரு நொடி 60க்கு எகிறி இறங்குகிறதே, அது?

காற்றோட்டம் | சனி, காலை 8:40

அது இயல்புதான். ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குப் போய்த் திரும்புகிறது. அதற்கெல்லாம் ஃபேன் ஓலமிடுவது எரிச்சலாக இருந்தால், பயாஸில் ஃபேன் வேகம் மாறுவதற்கு நாலைந்து நொடி தாமதம் வையுங்கள்.

புதுப்பெட்டி | ஞாயிறு, மாலை 6:15

பயாஸ் புதுப்பித்தேன். நீங்கள் சொன்னது சரி, வரம்பு 4095 என்றுதான் இருந்தது. 180, 150 வைத்துவிட்டேன். சினிபெஞ்ச் பத்து நிமிட ஓட்டத்தில் 83 டிகிரி, மதிப்பெண் 25,800. நேற்று ஒரு நீளமான வீடியோவை எக்ஸ்போர்ட் செய்தேன், 40 நிமிடம் ஓடியது. 81ஐத் தாண்டவில்லை.

எல்ஜிஏ1700 பூட்டு ப்ராசஸரை நடுவில் அழுத்தி லேசாக வளைக்கிறது, அதற்குத் தனிச் சட்டம் விற்கிறார்கள் என்று படித்தேன். அதையும் போட வேண்டுமா?

நெம்புகோல் | ஞாயிறு, மாலை 7:00

வளைவது உண்மைதான். ப்ராசஸர் 45க்கு 37.5 மில்லிமீட்டர் நீளப் பலகை, பூட்டு நடுவில் மட்டும் அழுத்துகிறது. அந்தச் சட்டம் போட்டால் சில டிகிரி குறையும். ஆனால் போடும்போது சாக்கெட் ஊசிகள் திறந்த நிலையில் இருக்கும், இறுக்கம் கூடினால் ராம் இருப்பதே கணினிக்குத் தெரியாமல் போகலாம். உங்கள் தடம் மூலை வரை பரவியிருக்கிறது, 83இல் நிற்கிறது. நான் என்றால் தொடமாட்டேன்.

பழைய குமிழ்களையும் பிராக்கெட்டையும் மட்டும் ஒரு பையில் போட்டு "1200" என்று எழுதி வையுங்கள். அந்த ஐ5க்கு என்றாவது கூலர் தேவைப்படும்.

புதுப்பெட்டி | ஞாயிறு, மாலை 7:20

எழுதி வைத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. அடுத்த வீடியோ எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, 79 காட்டுகிறது.